ஒன்ராறியோவில் நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தின் தரத்தையும் பாதுகாப்பையும் அறிவது எப்படி?

கேட்டவருடைய தாயாருக்கு 84 வயது. மறதி நோய் உள்ள அவர் வீட்டில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, இப்போது ஸ்காபரோவில் உள்ள ஒரு வைத்தியசாலையில் இருக்கிறார். இனி வீட்டில் வைத்துப் பார்ப்பது கடினம் என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். இல்லங்களின் பெயர்களை எழுதித் தரும்படி ஒரு படிவமும் வந்திருக்கிறது. போய்ப் பார்த்த இல்லங்கள் எல்லாம் ஒன்றுபோலவே தெரிகின்றன, எதில் அம்மா பாதுகாப்பாக இருப்பார் என்று எப்படி அறிவது என்பதே கேள்வி. நீண்டகாலப் பராமரிப்பில் பல ஆண்டுகள் தாதியாக வேலை செய்தவள் என்ற முறையில், நான் என் தாயாருக்காகப் போனால் எவற்றைப் பார்ப்பேனோ அவற்றையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். நம்மவர் பலர் "நேர்சிங் ஹோம்" என்று ஒரே பெயரில் அழைக்கும் இடங்கள் உண்மையில் இரண்டு வகைப்பட்டவை. ஓய்வுகால இல்லங்கள் தனியார் வாடகை இடங்கள். அவை 2010ஆம் ஆண்டின் ஓய்வுகால இல்லங்கள் சட்டத்தின் கீழ் வருகின்றன, கட்டணமும் இடத்துக்கு இடம் மாறும். உங்கள் தாயாருக்குத் தேவைப்படுவது அதுவன்று. 24 மணி நேரமும் தாதியர் இருக்கும், அரச நிதியில் இயங்கும் நீண்டகாலப் பராமரிப்பு இல்லம். இவ்வகை இல்லங்களுக்கு 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த, 2021ஆம் ஆண்டின் நீண்டகாலப் பராமரிப்பைச் சீராக்கும் சட்டம் பொருந்தும். இவற்றில் பராமரிப்புச் செலவை மாகாணம் ஏற்கிறது. தங்குவதற்கும் உணவுக்கும் குடும்பம் கொடுக்கும் பங்கை அரசே நிர்ணயிக்கிறது. அடிப்படை அறைக்கு மாதம் 2,000 டொலருக்குச் சற்று மேல் வரும் அந்தத் தொகை மாகாணம் முழுவதும் ஒன்றே. வருமானம் குறைந்தவர்கள் அடிப்படை அறைக்குக் கட்டணக் குறைப்புக் கேட்கலாம். ஆகவே "கூடக் காசு கொடுத்தால் நல்ல கவனிப்புக் கிடைக்கும்" என்ற கணக்கு இங்கே செல்லாது. தனியறைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் அறையை மட்டுமே வாங்கும். இரவில் அம்மாவைத் திரும்பப் படுக்க வைக்கும் ஆளை வாங்காது.

அந்த ஆளைப் பற்றித்தான் என் பதிலின் பெரும்பகுதி. வரவேற்புக் கூடத்தின் சோபாவும் மீன்தொட்டியும் புதிதாகப் பூசிய சுவரும் பார்க்க வருபவருக்காக இருப்பவை. உங்கள் அம்மாவின் நாள் நடக்கப்போவது மேல் தளத்தில், அவருடைய கட்டிலிலும் கழிப்பறையிலும் உணவு மேசையிலும், பி.எஸ்.டபிள்யூ என்று நாம் அழைக்கும் பராமரிப்புப் பணியாளர்களின் கைகளில். அந்தக் கைகள் எத்தனை, அவை தெரிந்த கைகளா, மாலையிலும் சனி ஞாயிறிலும் அவை இருக்கின்றனவா என்பதே இல்லத்தின் தரம்.

சட்டத்தில் நான்கு மணி நேரம் என்று ஓர் இலக்கு உண்டு. ஒவ்வொரு குடியிருப்பாளருக்கும் நாளொன்றுக்குத் தாதியரும் பி.எஸ்.டபிள்யூக்களும் சேர்ந்து சராசரியாக நான்கு மணி நேர நேரடிப் பராமரிப்புத் தர வேண்டும் என்றும், அதை 2025 மார்ச் 31க்குள் எட்ட வேண்டும் என்றும் எழுதப்பட்டது. ஆனால் அது மாகாணம் முழுவதற்குமான சராசரி. நீங்கள் பார்க்கும் இல்லம் உங்கள் தாயாருக்கு நான்கு மணி நேரம் தரும் என்ற உறுதிமொழியன்று. ஒரு பணியாளருக்கு இத்தனை குடியிருப்பாளர் என்ற கட்டாய விகிதமும் இல்லை. ஆகவே "உங்களிடம் போதிய ஆட்கள் இருக்கிறார்களா" என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லோரும் ஆம் என்றே சொல்வார்கள். "இந்தத் தளத்தில் எத்தனை பேர் வசிக்கிறார்கள், காலையில் எத்தனை பி.எஸ்.டபிள்யூ, மாலையில் எத்தனை, இரவில் எத்தனை, ஒருவர் சுகமில்லை என்று வராவிட்டால் அந்த இடத்துக்கு யார் வருவார்" என்று கேளுங்கள். எண்ணைச் சொல்லத் தயங்கும் இல்லத்தை நான் பட்டியலில் கீழே தள்ளுவேன். உங்கள் தாயார் இடுப்பெலும்பு முறிந்தவர் என்பதால் அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றத் தூக்கும் இயந்திரம் தேவைப்படலாம். அதற்கு இரண்டு பேர் வேண்டும் என்பது பெரும்பாலான இல்லங்களின் விதி. இரவில் தளத்தில் ஒரே ஒரு பி.எஸ்.டபிள்யூதான் என்றால், இரண்டாவது ஆள் எந்தத் தளத்திலிருந்து, எவ்வளவு நேரத்தில் வருவார் என்பது உங்கள் அம்மா நனைந்த துணியோடு எவ்வளவு நேரம் கிடப்பார் என்ற கேள்விதான்.

வெளி நிறுவனங்கள் தற்காலிகமாக அனுப்பும் ஏஜென்சி ஆட்களைப் பற்றியும் கேளுங்கள். ஏஜென்சியிலிருந்து வருபவர்கள் திறமையற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களில் மிக நல்லவர்களோடு வேலை செய்திருக்கிறேன். ஆனால் இன்றைக்குத்தான் முதன்முதலாகத் தளத்துக்கு வரும் ஒருவருக்கு, உங்கள் அம்மா வலது பக்கம் படுத்தால் முனகுவார் என்பதோ, மாத்திரையைக் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துப் பிறகு துப்பிவிடுவார் என்பதோ தெரியாது. மறதி நோய் உள்ளவருக்குத் தெரிந்த முகமே பாதி மருந்து. நிர்வாகியும் தாதியர் பொறுப்பாளரும் எவ்வளவு காலமாக அங்கே இருக்கிறார்கள் என்று கேட்பதும் பயன் தரும். அந்த இரண்டு நாற்காலிகளிலும் அடிக்கடி ஆள் மாறும் இல்லத்தில் கீழே உள்ளவர்களும் நிலைப்பதில்லை.

நேரில் போகும் முன் வீட்டிலிருந்தே படிக்க வேண்டியவை பரிசோதனை அறிக்கைகள். மாகாண அமைச்சின் பரிசோதகர்கள் எழுதும் அறிக்கைகள் ஒவ்வோர் இல்லத்துக்கும் இணையத்தில் பொதுவில் உள்ளன. கடந்த இரண்டு ஆண்டு அறிக்கைகளை இல்லத்துக்குள்ளும் எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். இவற்றைப் படிக்கப் பழக வேண்டும், ஏனெனில் குறையே இல்லாத இல்லம் என்று ஒன்று இல்லை, அறிக்கைகளின் எண்ணிக்கையைக் கொண்டு முடிவு செய்வதும் தவறு. 250 கட்டில்கள் உள்ள இல்லத்தில் 60 கட்டில் இல்லத்தைவிட அதிகமாக எழுதப்பட்டிருப்பது இயல்பு. எழுத்து மூல அறிவித்தல் என்பது குறையைச் சுட்டிக்காட்டுவது; இணங்கல் ஆணை என்பது இன்ன தேதிக்குள் திருத்தியே ஆக வேண்டும் என்ற கட்டளை; அதற்கு மேலே அபராதமும், புதியவர்களை அனுமதிப்பதை நிறுத்தும் உத்தரவும் உள்ளன. நான் தேடுவது ஒரே விடயம் திரும்பத் திரும்ப வருகிறதா என்பதைத்தான். ஒரு முறை மருந்து அலமாரி பூட்டப்படாமல் இருந்தது என்றால் அது ஒரு கவனக்குறைவு. படுக்கைப் புண் பற்றியோ, விழுந்தவரைப் பரிசோதிக்காதது பற்றியோ, குடியிருப்பாளர் ஒருவர் மற்றொருவரைத் தாக்குவது பற்றியோ இரண்டு மூன்று ஆண்டுகளாகத் தொடர்ந்து எழுதப்பட்டிருந்தால், அந்த இல்லத்தில் குறையைத் திருத்தும் ஆள் இல்லை என்று பொருள்.

அறிக்கை இல்லாததை நற்சான்றாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2019இல் மாகாணத்தின் 626 இல்லங்களில் வெறும் 9 இல்லங்களில்தான் முழுமையான தரப் பரிசோதனை நடந்தது. மற்றவற்றுக்குப் பரிசோதகர்கள் போனது பெரும்பாலும் முறைப்பாடு வந்த பிறகோ, ஏதாவது நேர்ந்த பிறகோதான். அடுத்த ஆண்டே கொரோனா வந்தது. 2020 மே மாதத்தில், உதவிக்கு அனுப்பப்பட்ட கனேடிய இராணுவத்தினர் ஐந்து இல்லங்களில் கண்டதை எழுதிய அறிக்கை வெளியானபோதுதான், கரப்பான் பூச்சிகளையும் மாற்றப்படாத அழுக்குத் துணிகளையும், படுத்திருப்பவருக்கு வலிந்து உணவூட்டி மூச்சடைக்கச் செய்ததையும் நாடு அறிந்தது. கொரோனாக் காலத்தில் இந்த இல்லங்களில் நடந்ததை விசாரித்த மாகாண ஆணையம் 2021 ஏப்ரலில் தன் இறுதி அறிக்கையைத் தரும்போது ஏறக்குறைய 4,000 முதியவர்கள் இந்த இல்லங்களில் இறந்திருந்தார்கள். அவர்களில் நம் வீட்டு அம்மம்மாக்களும் அப்பப்பாக்களும் இருந்தார்கள். அவர்கள் இறந்ததால் வந்த சட்டத்தைத்தான் இப்போது நாம் பயன்படுத்துகிறோம் என்பதால், அதை முழுவதும் பயன்படுத்த வேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன்.

அந்தக் காலத்தில் கட்டடமும் உயிரைக் காவுகொண்டது. 1970களின் விதிப்படி கட்டிய பழைய இல்லங்களில் ஓர் அறையில் நான்கு பேர் வரை படுத்து ஒரே கழிப்பறையைப் பகிர்ந்தார்கள். நெரிசலான இல்லங்களில் தொற்றும் மரணமும் மற்றவற்றைவிட ஏறக்குறைய இரு மடங்காக இருந்ததை ஒன்ராறியோ ஆய்வாளர்கள் பிறகு காட்டினார்கள். 2020க்குப் பிறகு அறைக்கு இருவருக்கு மேல் புதிதாகச் சேர்ப்பதில்லை. ஆயினும் அடிப்படை அறை கேட்கும்போது எத்தனை பேருக்குக் கட்டிய அறை, கழிப்பறை எத்தனை பேருக்குப் பொது என்று பாருங்கள். இலாப நோக்குள்ள நிறுவனங்கள் மாகாணத்தின் இல்லங்களில் பாதிக்கு மேல் வைத்திருக்கின்றன. மற்றவை மாநகரசபைகளாலும் இலாப நோக்கற்ற அமைப்புகளாலும் நடத்தப்படுகின்றன. இலாப நோக்குள்ள இல்லங்களில் கொரோனா மரணங்கள் கூடுதலாக இருந்தது உண்மை, அதற்குப் பழைய கட்டடங்களும் பெருநிறுவனச் சங்கிலிகளும் பெரிய காரணம் என்பதும் உண்மை. எனக்கு ஒரே தரத்தில் இரண்டு இல்லங்கள் கிடைத்தால் மாநகரசபை இல்லத்தையே முதலில் எழுதுவேன். ஆனால் உரிமையாளரை மட்டும் பார்த்து ஒரு நல்ல இல்லத்தை ஒதுக்கமாட்டேன்.

கனேடியச் சுகாதாரத் தகவல் நிறுவனம் இல்லம் இல்லமாகச் சில அளவீடுகளை வெளியிடுகிறது: அண்மையில் விழுந்தவர்கள், மோசமான படுக்கைப் புண், கட்டிவைத்தல், மனநோய் இல்லாமலே மனநோய் மருந்து கொடுக்கப்படுவோர் எனப் பல. இவற்றில் கடைசியையே நான் முதலில் பார்ப்பேன். மறதி நோய் உள்ள முதியவருக்கு அந்த மருந்துகள் மரண ஆபத்தைக் கூட்டும் என்று 2005இலேயே கனேடியச் சுகாதாரத் திணைக்களம் எச்சரித்தது. மயக்கமும் தள்ளாட்டமும் தந்து மறுபடி விழவும் வைக்கும். எப்போதும் தேவையற்றவை என்று சொல்ல முடியாது. ஆனால் ஓர் இல்லத்தின் விகிதம் மாகாணச் சராசரியைவிட மிகக் கூடியிருந்தால், அங்கே அலறும் நோயாளியின் அருகில் உட்கார ஆளில்லாததால் மாத்திரை உட்கார வைக்கப்படுகிறதா என்று கேட்க வேண்டியிருக்கும். உங்கள் அம்மாவுக்கு எந்தப் புதிய மருந்து தொடங்குவதற்கும் அவருடைய சம்மதம், அவரால் இயலாவிட்டால் அவருக்காக முடிவெடுக்கும் உரிமை பெற்றவரின் சம்மதம் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

இந்த இடத்தில் தமிழர்களுக்கென்றே சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. மற்ற எதையும்விட இது என் மனதை உறுத்துவது. மறதி நோய் முற்றும்போது பலருக்குப் பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் போய்விடும். முப்பது ஆண்டுகளாக ரொறன்ரோவில் ஆங்கிலம் பேசிக் கடை நடத்தியவரும் கடைசியில் தமிழில் மட்டுமே பேசக்கூடும். ஒரு மாலையில், நான் பணியில் இல்லாத ஒரு தளத்துக்கு உறவினர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தபோது, அடுத்த அறையில் ஒரு தமிழ் அம்மா "நோகுது, நோகுது" என்று கத்திக்கொண்டிருந்தார். அவருடைய குறிப்பேட்டில் "தொடர்ந்து கத்துகிறார், பராமரிப்பை எதிர்க்கிறார்" என்று எழுதியிருந்ததாக அவருடைய மகள் பிறகு சொன்னார். எழுதியவர் கெட்டவரல்லர், அவருக்கு அந்த ஒரு சொல் தெரியாது. போர்வையை விலக்கிப் பார்த்தபோது இடது குதிகாலில் தோல் கறுத்து, தொட்டால் கொழகொழவென்று இருந்தது. வலியைத் தீர்க்க வேண்டிய இடத்தில் நடத்தையைத் தீர்க்கும் மருந்து கொடுக்கப்பட்டிருந்தது.

ஆகவே "இங்கே தமிழ் பேசுவோர் இருக்கிறார்களா" என்று மட்டும் கேட்டால் போதாது. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பல இல்லங்களில் தமிழ்ப் பி.எஸ்.டபிள்யூக்கள் இருக்கிறார்கள். எந்தத் தளத்தில், எந்த வேலை நேரத்தில், வார இறுதியில் யார் என்று கேளுங்கள். இல்லத்தில் வழங்கும் மொழி தெரியாதவரோடு தொடர்புகொள்வதற்கான வழிமுறைகளை உருவாக்கி நடைமுறைப்படுத்த வேண்டும் என்பது ஒழுங்குவிதியிலேயே உள்ள கடமை. அதற்கு இங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நோகுது, எரியுது, தண்ணி, பாத்ரூம், குளிருது, பயமா இருக்கு ஆகிய சில சொற்களை ஆங்கில எழுத்தில் பொருளோடு ஓர் அட்டையில் எழுதிக் கட்டிலருகே ஒட்டுவதாகச் சொல்லிப் பாருங்கள். அதை மகிழ்ச்சியோடு ஏற்று, மற்றப் பணியாளர்களுக்கும் காட்டுவோம் என்று சொல்லும் இல்லத்துக்கும், சுவரில் எதையும் ஒட்டக்கூடாது என்று சொல்லும் இல்லத்துக்கும் உள்ள வேறுபாடு எந்த அளவீட்டிலும் வராது. குளிப்பாட்டப் பெண் பணியாளர்தான் வர வேண்டும் என்று உங்கள் தாயார் விரும்புவாரானால் அதையும் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

உணவும் இதோடு சேர்ந்ததே. உங்கள் முதல் சந்திப்பு நிர்வாகி சொல்லும் நேரத்தில் இருக்கட்டும். இரண்டாவது சந்திப்பு மாலை ஐந்து மணிக்கு, இரவு உணவு பரிமாறும் நேரத்தில் இருக்கட்டும். உணவறையின் ஓரத்தில் அரை மணி நேரம் இருந்தால், வேறெங்கும் கிடைக்காத விடயங்கள் தெரியும். ஊட்டுபவர் நின்றுகொண்டு ஊட்டுகிறாரா, உட்கார்ந்து முகத்தைப் பார்த்து ஊட்டுகிறாரா? வாயில் இருப்பதை விழுங்கும் வரை அடுத்த கரண்டி காத்திருக்கிறதா? தட்டை எடுப்பவர், தொடாத தட்டைக் கண்டு வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்கிறாரா, அப்படியே தள்ளுவண்டியில் அடுக்குகிறாரா? மாதம் ஒரு முறை எடை பார்க்க வேண்டும், ஒரு மாதத்தில் 5 சதவீதமோ மூன்று மாதங்களில் 7.5 சதவீதமோ எடை மாறினால் ஏன் என்று ஆராய்ந்து நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது விதி. 50 கிலோ உள்ள ஓர் அம்மாவுக்கு 5 சதவீதம் என்பது இரண்டரைக் கிலோ. சோறும் புட்டும் சாப்பிட்டு வளர்ந்தவர் பிசைந்த உருளைக்கிழங்கைக் கண்டு வாயை மூடிக்கொண்டால் அது ஒரு மாதத்திலேயே போய்விடும்.

வீட்டிலிருந்து உணவு கொண்டுபோகலாம், கொண்டுபோக வேண்டும் என்றே சொல்வேன். ஆனால் ஒன்றை அன்போடு கேட்டுக்கொள்கிறேன்: விழுங்குவதில் சிரமம் என்று சொல்லி உணவை மசித்துக் கொடுக்கவும், தண்ணீரைக் கெட்டியாக்கிக் கொடுக்கவும் எழுதியிருந்தால், "அவை எங்கட சாப்பாட்டை அறியாதவை" என்று எண்ணி உதிர் சோற்றையும் ரசத்தையும் ஊட்ட வேண்டாம். அது நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாக முடிவதை நான் பார்த்திருக்கிறேன். குழைத்த பருப்புச் சோறு, நன்றாக மசித்த பூசணிக் கறி, தயிர் என்று உணவியலாளரோடு பேசி முடிவு செய்யுங்கள். அந்தப் பேச்சுக்கு நேரம் ஒதுக்கும் உணவியலாளர் இருக்கிறாரா என்பதும் இல்லத்தை எடைபோடும் ஓர் அளவே.

உடலைப் பற்றி நீங்கள் கேட்க வேண்டியவை வெளிப்படையானவை, கூச்சப்படாமல் கேளுங்கள். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது நிலை மாற்ற வேண்டும். தோல் புண்ணாகும் அபாயம் உள்ளவருக்குச் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள்ளும், வைத்தியசாலையிலிருந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் தோலைப் பரிசோதிக்க வேண்டும். கிழமைக்குக் குறைந்தது இரண்டு முறை, அவர் விரும்பும் முறையில் குளிப்பாட்ட வேண்டும். இவை நல்லெண்ணத்தில் தரும் சலுகைகளல்ல, விதிகள். உங்கள் தாயாருக்கு இடுப்பு முறிவுக்குப் பிறகு குதிகாலும் முதுகின் அடிப்பகுதியும் ஆபத்தான இடங்கள். சேர்க்கும் நாளில் நீங்களும் தாதியும் சேர்ந்து பார்த்து, இருப்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தோன்றும் புண் வைத்தியசாலையில் வந்ததா இல்லத்தில் வந்ததா என்ற வாக்குவாதம் அதனால் தீரும்.

அவர் மறுபடி விழக்கூடும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் பேச வேண்டும். "எங்கள் இல்லத்தில் யாரும் விழமாட்டார்கள்" என்று சொல்பவரை நம்பாதீர்கள். விழாமல் இருக்க ஆளைக் கட்டிவைப்பதே வழியென்றால் அது பாதுகாப்பாகாது. தாழ்வான கட்டில், தரையில் மெத்தை, இடுப்புக் காப்பு உள்ளாடை, அழைப்பு மணி கைக்கு எட்டும் இடத்தில் இருப்பது, குறித்த நேரங்களில் கழிப்பறைக்கு அழைத்துச் செல்வது ஆகியவற்றைப் பற்றி அவர்கள் பேச வேண்டும். கட்டிலுக்கு இரு பக்கமும் கம்பித் தடுப்புப் போடச் சொல்லி நம் பிள்ளைகள் கெஞ்சுவதுண்டு. அதில் உடல் சிக்கி இறந்தவர்களும், அதன் மேலேறி விழுந்து எலும்பை முறித்தவர்களும் உண்டு. அழைப்பு விளக்கு எரியும் ஒரு கதவைக் கண்டால் கடிகாரத்தைப் பாருங்கள், எத்தனை நிமிடத்தில் ஒருவர் உள்ளே போகிறார் என்று. வெளிப்புற ஜன்னல் 15 சென்றிமீற்றருக்கு மேல் திறக்கக் கூடாது, வெளியே போகும் கதவு பூட்டப்பட்டு எச்சரிக்கை ஒலியோடு இருக்க வேண்டும். அலைந்து திரியும் பழக்கம் உள்ளவராயின் இதைக் கையால் தள்ளிப் பாருங்கள். அறைகளுக்குக் குளிரூட்டல் இப்போது கட்டாயம்.

மருந்து பற்றி ஒரு சொல். எலிசபெத் வெற்லோஃபர் என்ற தாதி 2007 முதல் ஒன்ராறியோவின் இல்லங்களில் எட்டு முதியவர்களை இன்சுலின் ஏற்றிக் கொன்றார். அவரே வாக்குமூலம் கொடுத்திராவிட்டால் அது வெளிவந்திருக்காது என்று அந்தக் கொலைகளை விசாரித்த ஆணையம் 2019இல் எழுதியது. இத்தகைய கொடுமை மிக அரிது. ஆனால் முதியவர்களின் மரணத்தைக் கேள்வியின்றி ஏற்றுக்கொள்ளும் பழக்கமே அவளுக்குத் திரையானது என்ற பாடம் சாதாரணத் தவறுகளுக்கும் பொருந்தும். நீரிழிவு உள்ள தாயாரின் சீனி அளவு காரணமின்றிக் குறைந்தாலோ, பகலில் எழுப்ப முடியாத உறக்கத்தில் இருந்தாலோ, அன்றைய மருந்துப் பதிவைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். மூன்று மாதங்களுக்கு ஒரு முறை மருந்துகளை மீளாய்வு செய்யும்போது உங்களையும் அழைக்கச் சொல்லுங்கள்.

இனி உங்கள் அவசரத்துக்கு வருகிறேன். வைத்தியசாலையில் இருப்பவருக்கு இனி இங்கே சிகிச்சை தேவையில்லை என்று வைத்தியர் எழுதிவிட்டால், 2022இல் வந்த சட்டப்படி நீங்கள் கேட்காத ஓர் இல்லத்தையும், இல்லங்களில் இடம் ஒழுங்கு செய்யும் அரச அமைப்பான ஒன்ராறியோ ஹெல்த் அற் ஹோமின் இணைப்பாளர் தெரிவு செய்யலாம். தென் ஒன்ராறியோவில் அது 70 கிலோமீற்றர் தூரத்திலும் இருக்கலாம். அங்கே போக மறுத்து வைத்தியசாலையிலேயே இருந்தால் நாளொன்றுக்கு 400 டொலர் அறவிடுவார்கள். இதைச் சொல்லி உங்களைப் பதற வைப்பார்கள். பதறாமல், படிவத்தை வெறுமையாக விடாமல், ஐந்து பெயர்களை நீங்களே எழுதுவது நல்லது: உங்கள் மனதுக்கு மிகப் பிடித்த, ஆண்டுக்கணக்கில் காத்திருப்பு உள்ள ஓரிரண்டு, நல்ல அறிக்கை உள்ள, காத்திருப்புக் குறைந்த இரண்டு மூன்று. ஒவ்வொன்றின் காத்திருப்புக் காலத்தையும் அந்த இணைப்பாளரிடம் கேட்கலாம். வேறோர் இல்லத்துக்குப் போக நேர்ந்தாலும் விரும்பிய இல்லத்தின் பட்டியலில் பெயர் தொடர்ந்து இருக்கும். முதல் இல்லமே கடைசி இல்லமாக இருக்க வேண்டியதில்லை. தூரத்தைப் பற்றி என் கருத்து இது: 40 நிமிடம் ஓடிப்போக வேண்டிய மிக நல்ல இல்லத்தைவிட, வேலை முடிந்து வரும் வழியில் நீங்கள் நுழையக்கூடிய ஓரளவு நல்ல இல்லம் உங்கள் அம்மாவுக்குப் பாதுகாப்பானது. எந்த நேரத்தில் யார் வருவார்கள் என்று தெரியாத அறையில் கவனிப்புக் கூடும். இதை நான் உள்ளே இருந்து பார்த்துச் சொல்கிறேன். உங்களில் ஒருவரைப் பராமரிப்பாளராக எழுத்தில் நியமித்துவிடுங்கள், தொற்றுப் பரவும் நாட்களிலும் அவர் உள்ளே போகலாம்.

சேர்ந்த ஆறு கிழமைக்குள் பராமரிப்புக் கூட்டம் ஒன்றை இல்லம் நடத்த வேண்டும். அதற்கு முன் நீங்கள் கண்டவற்றைத் தேதியோடு ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். குடும்பங்களின் சபை இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் ஒரு முறையாவது போங்கள். அங்கே மற்றப் பிள்ளைகள் சொல்வது எந்த அறிக்கையைவிடவும் புதியது. குறை இருந்தால் முதலில் தளத்துத் தாதி, பிறகு தாதியர் பொறுப்பாளர், தீராவிட்டால் எழுத்தில். முறைப்பாட்டுக்குப் பத்து வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். "சொன்னால் அம்மாவை வஞ்சம் தீர்ப்பார்களோ" என்று நம்மவர் பலர் வாய் திறப்பதில்லை; முறைப்பாட்டுக்காகக் குடியிருப்பாளரைப் பழிவாங்குவதையும் வெளியேற்றுவதையும் சட்டம் தடை செய்கிறது. துன்புறுத்தல், புறக்கணிப்பு, தவறான பராமரிப்பால் காயம் ஆகியவற்றுக்கு அந்தப் படிகளுக்காகக் காத்திருக்க வேண்டாம். அமைச்சின் நீண்டகாலப் பராமரிப்புத் தொலைபேசி 1-866-434-0144க்கு அன்றே அழையுங்கள். ஆங்கிலம் தடையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள், அல்லது பேரப்பிள்ளை ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, அந்தக் குறிப்பேட்டில் உள்ள தேதிகளை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லுங்கள்.